ஊட்டிய கை

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளே. குளிர்கிறவர்கள் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். வாயில் எதையாவது போட்டு மென்றுகொண்டிருப்பவர்கள் அதை விழுங்கிவிட்டு வாருங்கள். ஏன் என்று போகப்போக உங்களுக்கே தெரியும். உங்களைப் பயமுறுத்த எனக்கு ஆசையில்லை. ஆனால் ஒரு பெண்ணின் வெட்கத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்த வெட்கத்துக்குள்ளேதான் பயமும் குடியிருக்கிறது. ஒன்றை உரித்து எடுத்துவிட்டு இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கிறேன்.

அணைத்து வைத்த இயந்திரம் மென்றுகொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் தெரிந்தது அவ்வளவுதான். எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்த ஒரு சாயங்காலம். ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. தரையைத் துடைத்த மருந்தின் காட்டமும் சூடான பிளாஸ்டிக்கின் லேசான இனிப்பும் கலந்த அந்த அறையின் மணம் மூக்குக்குப் பழகிப்போய், மணமே இல்லாததுபோல் இருந்தது. வெள்ளை மேலங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுத் திரும்பியவளின் காதில், மூலையில் இருந்த வளர்ப்புப் பெட்டிக்குள்ளிருந்து அது விழுந்தது. டொக். டொக். டொக். பிறகு ஒரு நிறுத்தம். மறுபடி டொக்.

பெட்டியின் விசையைப் பார்த்தாள். அவள் கையாலேயே அணைத்தது அணைத்தபடி இருந்தது.

அந்த அறையில் என்ன நடந்தது என்று சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டு அது. அங்கே எலும்பு வளர்த்தார்கள். கட்டி வந்தோ விபத்திலோ முகத்தெலும்பையும் தாடையையும் பறிகொடுத்தவர்களுக்கு, அவர்களுடைய உடம்பிலிருந்தே எடுத்து அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கும் எலும்பு. முகத்தைப் படமெடுத்து, இல்லாமல் போன தாடையின் அளவுக்கு அச்சாக ஒரு சாரம் செய்வார்கள். வீடு கட்டச் சாரம் கட்டுவதில்லையா, அதுபோல. பஞ்சு மாதிரி துளை துளையாக இருக்கும். நோயாளியின் இடுப்பெலும்புக்குள்ளிருந்து கொஞ்சம் மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி, அதிலிருக்கும் உயிரணுக்களைக் குடுவையில் விட்டுப் பெருக்கி, அந்தச் சாரத்தின் துளைகளில் குடியேற்றுவார்கள். பிறகு சாரத்தைக் கண்ணாடிக் கலத்தில் மூழ்கவைத்து, மேலிருந்து ஒரு சின்ன எஃகுக் கையால் விட்டு விட்டு அழுத்துவார்கள். மெல்லுகிற மாதிரி. சும்மா படுத்திருக்கும் எலும்பு சோம்பேறி. பாரம் ஏறினால்தான் இறுகும். மூன்று முறை அழுத்திவிட்டுக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் இன்னும் நன்றாக இறுகுகிறது என்று கண்டுபிடித்ததே அவள்தான். மூன்று கடி, ஒரு நிறுத்தம். அந்தத் தாளத்தை அவள்தான் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

குடுவையில் இருக்கும் உயிரணுக்களுக்கு இளஞ்சிவப்பாக ஒரு ஊட்டநீர். அது நல்ல நிறத்தில் இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது என்று பொருள். மஞ்சளாகிப் போனால் தின்று தீர்த்துவிட்டன, பசிக்கிறது என்று பொருள். பழைய நீரை எடுத்துப் புதியதை விடுவதற்கு அங்கே ஊட்டுவது என்றுதான் பெயர். பிள்ளைகளுக்கு ஊட்டியாச்சா என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். கூட வேலை பார்த்த ஒருத்தி, மருந்து வாடைக்கெல்லாம் தும்முவதால் தும்மல்காரி என்று பெயர் வாங்கியவள், ஒருநாள் பேருந்தில் போனில் சத்தமாக, நான் இன்னைக்கு ஊட்டலைன்னா எல்லாம் செத்துப்போயிடும், சாகட்டும், எனக்கு ஒரு நாளாவது லீவு வேணாமா என்று சொல்லிவிட்டாளாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டாளாம்.

நம்மவளுக்குப் பெயர் கைராசி. அவள் தொட்ட குடுவை எதுவும் செத்ததில்லை, கெட்டதில்லை. "கைராசிக்காரி எங்கே, கூப்பிடுங்க" என்று பெரிய டாக்டரே கேட்பார். சும்மா இருங்க என்று சொல்லிச் சிரிப்பாள். சொல்லிவிட்டு, இன்னொரு தடவை யாராவது அப்படிக் கூப்பிட மாட்டார்களா என்று காது கொடுத்துக் காத்திருப்பாள். அதுதான் அவளிடம் இருந்த ஓட்டை. சின்ன ஓட்டைதான். நம் எல்லோரிடமும் இருப்பதுதான்.

அன்று அந்தப் பெட்டிக்குள் இருந்தது யாருடைய தாடை தெரியுமா? அவளுடைய சொந்தத் தங்கையுடையது.

தங்கையை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டி வரும் நேரம் சொல்லும் வேலை அவளுக்கு. அறிவிப்பின் நடுவே, தூங்கி வழிகிறவரே, உங்க வண்டி கிளம்புது என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுவாள். தனக்குத்தான் சொல்கிறாள் என்று பத்துப் பேர் அலறி எழுந்து ஓடுவார்கள். அந்த வாயின் வலது கீழ்த்தாடையில் கட்டி வந்தது. பாதித் தாடையை எடுத்துவிட்டார்கள். கன்னம் காற்றுப் போன பந்து மாதிரி உள்ளே விழுந்துவிட்டது. குழலில் கஞ்சி, முகத்தைச் சுற்றிச் சால்வை, பேச்செல்லாம் போனில் தட்டுகிற எழுத்தாகப் போயிற்று. அப்போதும் அவள் தட்டி அனுப்பிய முதல் வரி, இனிமே என் வீட்டுக்காரருக்குத்தான் கொண்டாட்டம் என்பதுதான்.

சொந்தக்காரர்களின் உயிரணுவைத் தாங்களே தொடக்கூடாது என்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. கை நடுங்கும், கண் மறைக்கும் என்பதற்காக. டாக்டர்தான், உங்க கையிலேயே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்னொரு குடுவை அங்கே இருந்தது. பெரியவர் என்று அதற்குப் பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கை பழகுவதற்கென்று எப்போதோ யாரோ ஒரு வயதானவரின் எலும்பிலிருந்து எடுத்து வளர்த்தது. எழுத்து அழிந்துபோய் ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அந்த ஆள் செத்துப் பல காலம் ஆகியிருக்கும். குடுவையில் இருப்பது மட்டும் சாகவில்லை. எத்தனை ஊட்டினாலும் காலையில் மஞ்சள். "பெரியவருக்குப் பசி தாங்காது. பட்டினியாவே போய்ச் சேர்ந்திருப்பார், பாவம்" என்பாள் தும்மல்காரி.

அங்கே எல்லாவற்றுக்கும் மேலான ஒரு விதி உண்டு. காற்றை வடிகட்டும் அந்தக் கண்ணாடி மேடையில் ஒரே நேரத்தில் இரண்டு பேருடைய குடுவை திறந்திருக்கக் கூடாது. ஒருவருக்கு ஊட்டி, மூடி, எடுத்து வைத்து, மேடையைத் துடைத்து, காற்று அடங்கக் காத்திருந்து, அதன் பிறகுதான் அடுத்தவர்.

தங்கையின் உயிரணுக்கள் வளரவில்லை. நோயில் நொந்த உடம்பிலிருந்து வந்தவை. சவலைப் பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஊட்டநீர் விட்ட நிறத்திலேயே இருந்தது. கைராசியின் கையில் முதல்முறையாக ஒன்று தோற்கப் போகிறது என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தச் சொல்லாமைதான் அவளைக் குத்தியது. ஒரு மத்தியானம், தங்கைக்குக் கஞ்சி கொடுக்க ஓட வேண்டிய அவசரத்தில், பெரியவரையும் தங்கையையும் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்துக்கொண்டாள். பெரியவரின் குடுவையில் நனைந்த அதே குழலைத் தங்கையின் குடுவையில் விட்டாள்.

விட்ட மறுகணமே தெரிந்துவிட்டது.

ஒரு துளி. இளஞ்சிவப்பு நீருக்குள் ஒரு சின்னக் கலங்கல், நூல்போல இறங்கிக் காணாமல் போயிற்று. அந்தக் குடுவையை அப்போதே கொட்டியிருக்க வேண்டும். ஒரு துளிதானே என்று மூடியைத் திருகினாள்.

மறுநாள் காலையில் தங்கையின் குடுவை மஞ்சளாக இருந்தது.

தும்மல்காரி கை தட்டினாள். கைராசின்னா சும்மாவா என்று அடுத்த அறையிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கைராசி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். மெலிந்த இலைபோன்ற தங்கையின் உயிரணுக்களுக்கு நடுவே, தடித்து, நெருக்கியடித்துக்கொண்டு வேறு சில. நாள் போகப்போக மெலிந்தவை குறைந்தன. ஒருநாள் பார்த்தபோது அவை இல்லவே இல்லை. தங்கை என்று பெயர் ஒட்டிய குடுவைக்குள் பெரியவர் மட்டும் இருந்தார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். அந்த நாளை வரவில்லை.

இதுவரைக்கும் நடந்தது கைத்தவறு, மன்னித்துவிடலாம். அடுத்தது அப்படியில்லை. பொருத்துவதற்கு முன் உயிரணு அந்த ஆளுடையதுதானா என்று ஒரு சோதனை உண்டு. தொடக்கத்திலேயே தங்கையின் சுத்தமான உயிரணுக்களைச் சிறு குப்பி ஒன்றில் உறையவைத்து எடுத்து வைத்திருந்தார்கள். அதை உருக்கி, முதலிலிருந்து மறுபடி வளர்த்திருக்கலாம். இன்னும் பல மாதம் ஆகியிருக்கும். தங்கை இன்னும் பல மாதம் சால்வைக்குள் இருந்திருப்பாள். கைராசிக்கும் அந்தப் பெயர் போயிருக்கும். அவள் அந்தக் குப்பியை உருக்கினாள். வளர்க்க அல்ல. அப்படியே சோதனைக்கு அனுப்பினாள். ஆள் சரி என்று முடிவு வந்தது. இருந்த ஒரே குப்பியும் போயிற்று. குடுவையில் இருந்த பெரியவரைத் தங்கையின் சாரத்தில் குடியேற்றினாள்.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருவோம். பெட்டிக்குள் டொக், டொக், டொக்.

அவள் கதவைத் திறந்தாள். வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் அடித்தது, யாரோ மிக அருகில் மூச்சு விட்டதுபோல. கண்ணாடிக் கலத்துக்குள் வளைந்த வெண்மையாய்த் தாடை கிடந்தது. மேலே எஃகுக் கை அசையாமல் நின்றது. குனிந்து பார்த்தாள். தாடையின் ஒரு முனை நீருக்குள் மெல்ல எழும்பியது, எஃகைத் தொட்டது, இறங்கியது. கை அதை அழுத்தவில்லை. அதுதான் கையைக் கடித்தது.

அவள் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? கதவை மூடினாள். விசையைப் போட்டாள். இயந்திரமும் டொக் டொக் என்று சேர்ந்துகொண்டது. இனி யார் கேட்டாலும் இயந்திரம் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அன்றிலிருந்து அதை அவள் அணைக்கவே இல்லை.

சொல்ல வாய்ப்பே இல்லாமல் போகவில்லை. டாக்டர் வந்து உறை போட்ட விரலால் எலும்பைத் தட்டிப் பார்த்து, கல்லு மாதிரி இருக்கேம்மா என்று வியந்து நின்றபோது, அவள் "டாக்டர், ஒண்ணு..." என்று தொடங்கினாள். அவர் முழுமுகத்தோடு திரும்பி, சொல்லுங்க என்றார். அந்த முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்தாள். "ஊட்டநீர் மாத்துற நேரம். அதான்" என்றாள்.

அறுவைக்குக் கூட்டிப்போகும் முன் தங்கை படுக்கையில் இருந்தபடி அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் குழிந்த கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மறு கையால் போனில் தட்டிக் காட்டினாள். உன் கையால செஞ்சதுன்னா எனக்குப் பயமே இல்லக்கா. கைராசி சிரித்தாள். சக்கரப் படுக்கை திரும்பிப் போனது. அதன் ஒரு சக்கரம் சரியில்லை. டொக், டொக், டொக் என்று நடைபாதை முடியும்வரை கேட்டது.

எல்லாம் நன்றாகவே நடந்தது. அதுதான் கொடுமை. கன்னம் எழும்பியது. வலப்பக்கம் பல் கட்டுவதற்கு மட்டும் இன்னும் ஒரு வருடம் பொறுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை அந்தப் பக்கம் வெறும் ஈறுதான். வாயாடி மறுபடி பேசினாள். முதல் சொல்லே அக்கா. போனில் கேட்டுவிட்டு வீடே அழுததாம். இவள் மட்டும் போய்ப் பார்க்கவில்லை. வேலை, ஜுரம், பயணம் என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று சொன்னாள். பேச்சில் எங்கே பெரியவர் என்ற சொல் வந்தாலும் அவள் முதுகு வியர்த்தது.

வேலையிடத்தில் ஒரு காலை, தும்மல்காரி பெரியவரின் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். இளஞ்சிவப்பு. ஊட்டி ஒரு வாரமாகியும் நிறம் மாறவே இல்லை. அடியில் ஒட்டியிருந்தவை எல்லாம் கழன்று வெறும் தூசாக மிதந்தன. "நம்ம பெரியவர் போயிட்டார் போலிருக்கே. எங்கேதான் போனாரோ" என்று சிரித்தாள்.

எங்கே போனார் என்று கைராசிக்குத் தெரியும்.

பிறகு தங்கை கணவர் போன் செய்தார். நல்லா சாப்பிடறா அக்கா, எல்லாம் உங்க கைதான் என்று மகிழ்ந்தார். அடுத்த முறை, நிறைய சாப்பிடறா அக்கா என்றார். அதற்கடுத்த முறை குரல் தாழ்ந்திருந்தது. தூக்கத்துலயும் மெல்லுறா, மரக்கரண்டியக் கடிச்சுட்டா, ஏதாவது வைத்தியம் இருக்கா என்றார். தங்கையே பேசியபோது, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு ஓசை இருந்தது. மூன்று முறை. ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்துக்குள்தான் அவள் அவசர அவசரமாகப் பேசி முடித்தாள். அப்புறம் அழைப்பு வந்தால் பேச்சே இல்லை. மூச்சும் அந்த ஓசையும்தான்.

கடைசியில் எழுத்தாக ஒரு வரி. அக்கா வா. அது நிக்க மாட்டேங்குது.

அடைமழை பெய்த ஒரு மத்தியானத்தில் அவள் போனாள். பேருந்திலிருந்து இறங்கி, குடை மடங்கி மடங்கி நிமிர, சாக்கடை நிரம்பி வழியும் தெருவில் சுவரோரமாக நடந்து, தங்கை வீட்டு மாடிப்படியில் ஏறும்போதே அந்த மணம் வந்துவிட்டது. இனிப்பும் புளிப்பும் கலந்து, தின்று தீர்த்து மஞ்சளாகிப்போன ஊட்டநீரின் மணம். வேலையிடத்துக்கு வெளியே எங்கேயும் அவள் அதை முகர்ந்ததில்லை. மழையின் இரைச்சல், நீர் சொட்டும் குழாய், பக்கத்து வீட்டுத் தையல் இயந்திரம், எல்லாவற்றுக்கும் அடியில், மூடிய கதவுக்கு அப்பாலிருந்து, நிதானமாக.

டொக். டொக். டொக்.

தங்கை கணவர் கதவைத் திறந்தார். சவரம் செய்யாத முகம். கண்ணில் தூக்கம் இல்லை. உள்ளே சாப்பாட்டு மேசையின் ஓரம் முழுக்கப் பல் பதிந்த பள்ளம் பள்ளமாக இருந்தது. கரண்டிகள் காம்பு மட்டும் மிஞ்சிக் கிடந்தன. சீப்பில் பல் இல்லை. கண்ணில் பட்டதையெல்லாம் அவள் பார்க்காததுபோல் இருக்கப் பார்த்தாள்.

"உங்ககிட்டதான் கேக்கணும்னு இருந்தோம். நீங்கதானே செஞ்சீங்க" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நம்பிக்கை. அதைத் தாங்க முடியாமல் அவள் குடையை மடக்குவதுபோல் குனிந்துகொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி ஒன்று பிடித்து வருவதாகவும், அதுவரை அவளைத் தனியாக விட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு மழையில் இறங்கி ஓடினார்.

உள்ளறையில் ஜன்னல் திரை பாதி மூடியிருந்தது. தங்கை நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலையைச் சுற்றிச் சால்வை. முதுகு அசையவில்லை. தோள் அசையவில்லை. ஓசை மட்டும் வந்தது.

முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது என்று கைராசிக்குத் தெரியும். வாசலிலேயே நின்று, அந்த முதுகைப் பார்த்துச் சொன்னாள். சேர்ந்தாற்போல், மூச்சு விடாமல், எத்தனையோ மாதமாக நெஞ்சில் சுமந்தது அத்தனையும்.

"அது உன்னுது இல்லடி. உன் செல்லு வளரல. நான் ரெண்டு குடுவையத் திறந்து வச்சேன், கலந்துடுச்சு. தெரிஞ்சும் சொல்லல. சோதனையிலயும் ஏமாத்தினேன். எல்லாரும் கைராசி கைராசின்னாங்க. அந்தப் பேரு போயிடும்னு வெக்கப்பட்டேன். உன் வாயில வேற யாரோ இருக்காங்க."

ஓசை நின்றது.

தங்கை திரும்பினாள். சால்வை நழுவியது. முகவாயின் கீழிருந்து உச்சந்தலை வரை ஒரு வெள்ளைத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. செத்தவர்களுக்கு வாய் திறந்துகொள்ளாமல் கட்டுவார்களே, அப்படி. அதற்கு மேலே இரண்டு கண்கள். உயிருள்ள, தங்கையின் கண்கள். நீர் வழிந்துகொண்டிருந்தது. மடியிலிருந்த போனை எடுத்துத் தட்டிக் காட்டினாள்.

கட்டினாத்தான் நாக்கு தப்பிக்குது.

பிறகு இன்னொரு வரி தட்டினாள். அதைத் தட்ட வெகுநேரம் ஆயிற்று.

அப்பவே சொல்லிருந்தா நான் காத்திருந்திருப்பேனே அக்கா.

கைராசி உள்ளே வந்தாள். நாற்காலியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், அறுவைக்கு முன் அன்று வைத்ததுபோலவே, கையை எடுத்துத் தங்கையின் வலது கன்னத்தில் வைத்தாள். துணிக்கு அடியில் எலும்பு நகர்ந்தது. கன்னத்துக்குள்ளிருந்து எழும்பி, அவள் உள்ளங்கையில் வந்து ஒட்டிக்கொண்டது. பெட்டிக்குள் எஃகைத் தேடி எழும்பியதே, அதேபோல. ஆனால் கடிக்கவில்லை. மெதுவாக உரசியது. பசித்த பிள்ளை தாயின் கையை முகர்வதுபோல.

தினமும் ஊட்டிய கை. அதற்குத் தெரிந்திருந்தது.

தங்கையின் கண்கள் விரிந்தன. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆட்டிய ஆட்டத்தில் துணி தளர்ந்தது. கைராசி கையை இழுத்தாள். வரவில்லை. தங்கையின் கைகள் அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே தள்ளின. முழு பலத்தோடு தள்ளின. முகம் அந்தக் கையின் பின்னாலேயே வந்தது.

முடிச்சு அவிழ்ந்தது.

வாய் திறந்தது. வலப்பக்கம் முதலில். இடப்பக்கம் அதன் பின்னால் இழுபட்டு.

விரல்கள் உள்ளே போயின. வெதுவெதுப்பு. ஈரம். புளித்த வாடை. டாக்டர் இன்னும் பல் கட்டாத இடம் அது. வெறும் ஈறு இருக்க வேண்டிய இடம். அவள் விரல் நுனிகளில் வரிசையாக ஏதோ தட்டுப்பட்டது. மொண்ணையாக. சப்பையாக. பல காலம் மென்று மென்று தேய்ந்துபோன பற்கள்.

ஒரு வயதானவரின் பற்கள்.

மூடிக்கொண்டன. மெல்ல. வலிக்காமல். பிடித்துக்கொண்டன.

தெருவில் எங்கோ ஒரு வண்டி ஒலி எழுப்பியது. படியில் யாரும் ஏறவில்லை. அக்காளும் தங்கையும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். அசைய முடியாது. மழையைத் தவிர எங்கும் ஓசையே இல்லை.

அந்த நிறுத்தம் எவ்வளவு நேரம் நீளும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வைத்த நிறுத்தம்தானே அது.

இவ்வளவுதான், என் கண்ணுகளே. கையை விடாதீர்கள், இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருங்கள். உங்கள் வீட்டில் பசித்தவருக்குச் சோறு எப்போதும் இருக்கட்டும். ஊட்டுகிற கை சுத்தமாக இருக்கட்டும். சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லிவிடுகிற வாய் உங்கள் எல்லோருக்கும் வாய்க்கட்டும். உங்கள் வீட்டில் கேட்கும் ஓசையெல்லாம் உங்கள் சொந்தக்காரர்களின் ஓசையாகவே இருக்கட்டும். நன்றாக இருங்கள்.